அப்பாவின் ரெக்கார்டு பிளேயருக்காக ஓர் உப்புப் படிகம்

அப்பா மதுரையில் மைக் செட் கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, முளைப்பாரி என்று எங்கே குழாய் கட்டினாலும் கூடவே ஒரு ரெக்கார்டு பிளேயரும் போகும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அதில் பாட்டு மங்க ஆரம்பிக்கும். "முள்ளுக்குச் சளி பிடிச்சிருச்சு" என்பார். தலைப்பகுதியில் முள்ளைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக மாற்றும் கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிட்டுப் புதிதை மாட்டுவார். பழையதைத் தூக்கிப்போட மனம் வராமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார். அவர் போன பிறகு அந்த டின்னைத் திறந்தேன். உள்ளே பதினோரு கார்ட்ரிட்ஜ்.

ஒன்றின் மூடியை ஊசியால் நெம்பினேன். முள்ளின் அசைவு ஒரு சின்னச் செவ்வகத் துண்டுக்குப் போய்ச் சேரும்படி அமைத்திருந்தார்கள். கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்க வேண்டிய துண்டு சுண்ணாம்பு போல வெளுத்து, ஓரம் உதிர்ந்து கிடந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். ஐந்து நிமிடத்தில் கரைந்தே போனது. அத்தனை கல்யாண வீடுகளிலும் பாடியது ஓர் உப்புத் துண்டு! அன்றைக்கே முடிவு செய்தேன், இந்த உப்பை நானே வளர்த்து, அப்பாவின் இசைத்தட்டு ஒன்றைப் பாட வைக்க வேண்டும்.

இதன் பெயர் ரோஷெல் உப்பு. பிரான்சில் லா ரோஷெல் என்ற துறைமுக ஊரில் செனியெத் என்ற மருந்துக்காரர் 17ஆம் நூற்றாண்டில் பேதி மருந்தாக இதைத் தயாரித்தார். வேதியியலில் பொட்டாசியம் சோடியம் டார்ட்ரேட். ஒவ்வொரு மூலக்கூறோடும் நான்கு நீர் மூலக்கூறுகள் சேர்ந்தே படிகமாகும். 1880இல் ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் சோதித்துப் பார்த்தவற்றில் குவார்ட்ஸ், டூர்மலின், புஷ்பராகம் ஆகியவற்றோடு ரோஷெல் உப்பும் இருந்தது, கரும்புச் சர்க்கரையும் இருந்தது. அதாவது நம் பூஜைத் தட்டில் இருக்கும் கற்கண்டு! அதை அழுத்தினாலும் மின்சாரம் பிறக்கும், மிகக் கொஞ்சமாக. ரோஷெல் உப்பில் அது மிக அதிகம். அதனால்தான் பழைய மைக்குகளிலும் ரெக்கார்டு பிளேயர் தலைகளிலும் அதையே வைத்தார்கள்.

நேராக அதில் இறங்காமல் முதலில் கைப்பழக்கத்துக்குப் படிகாரத்தை எடுத்தேன். நாட்டு மருந்துக் கடை அண்ணாச்சி, "வாசல்ல கட்டவா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே கால் கிலோ கட்டித் தந்தார். வளர்க்கத்தான் என்றதும் வித்தியாசமாகப் பார்த்தார், ஆனால் நல்ல கட்டியாகப் பொறுக்கிக் கொடுத்தார். படிகாரம் ஆரம்பிக்க நல்ல பொருள். 20 டிகிரியில் 100 மில்லி தண்ணீரில் சுமார் 14 கிராம் கரையும். 50 டிகிரியில் சுமார் 37 கிராம். சூட்டில் நிறையக் கரைத்து ஆறவிட்டால் கூடுதலாக இருப்பது வெளியே வந்தாக வேண்டும். அது எங்கே, எப்படி வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிடித்துக்கொள்ள ஒரே ஒரு விதைப் படிகம் இருந்து, ஆறுவதும் மெதுவாக இருந்தால், வருகிற ஒவ்வொரு துகளும் அதன் மேல் ஒழுங்காகப் போய் உட்காரும். வேகமாக ஆறினால் நூறு இடத்தில் ஒரே நேரத்தில் தொடங்கிச் சர்க்கரை மாதிரி பொடியாகக் கொட்டும்.

மூன்று வாரத்தில் நைலான் நூலில் தொங்கிய விதை எட்டு முகங்களோடு எலுமிச்சை அளவுக்கு வளர்ந்தது. இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டினது போன்ற வடிவம். யாரும் செதுக்கவில்லை, அதுவாக வந்தது. கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனால் அதை எப்படி அழுத்தினாலும் மின்சாரம் வராது. படிகாரத்தின் உள்ளமைப்பில் மையத்துக்கு இந்தப் பக்கம் என்ன இருக்கிறதோ அதுவே எதிர்ப்பக்கமும் இருக்கிறது. அழுத்தும்போது இரண்டு பக்க நகர்வும் ஒன்றையொன்று ஈடு செய்துவிடும். ரோஷெல் உப்பில் அந்த மையச் சமச்சீர் கிடையாது. அதனால்தான் அங்கே மின்னூட்டம் மிஞ்சுகிறது.

சரி, உப்பைத் தயாரித்த கதைக்கு வருகிறேன். வேண்டியது இரண்டே பொருள்: கேக் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும் கிரீம் ஆஃப் டார்டர், அப்புறம் வீட்டில் இருக்கும் ஆப்ப சோடா. பெயரில் கிரீம் இருந்தாலும் முன்னது வெள்ளைப் பொடிதான். திராட்சை மது ஊறும் பீப்பாய்களில் படிகிற உப்பு. அதில் இருப்பது டார்டாரிக் அமிலம். நம் புளியின் புளிப்புக்கும் முக்கியக் காரணம் அதே அமிலம்தான். அம்மா வைக்கும் புளிக்குழம்பும் அப்பாவின் கார்ட்ரிட்ஜும் ஒரே குடும்பம் என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

கணக்கு இப்படி: 188 பங்கு கிரீம் ஆஃப் டார்டருக்கு 84 பங்கு ஆப்ப சோடா. நான் 200 கிராமுக்கு 89 கிராம் எடுத்தேன். கால் லிட்டர் காய்ச்சி வடித்த நீர். குழாய்த் தண்ணீர் வேண்டாம், எங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். டார்ட்ரேட்டோடு சேர்ந்தால் கரையாத வண்டலாகிவிடும். கிரீம் ஆஃப் டார்டர் குளிர்ந்த நீரில் கரையவே கரையாது என்று சொல்லலாம், மாவு போல அடியில் நிற்கும். பாத்திரத்தைக் கொதிநீரில் வைத்துச் சூடேற்றிக்கொண்டே ஆப்ப சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட வேண்டும். ஒவ்வொரு சிட்டிகைக்கும் புஸ்ஸென்று நுரைக்கும். வெளியேறுவது கார்பன் டை ஆக்சைடு. அவசரப்பட்டு ஒரு கரண்டியைக் கொட்டினால் பாதிக் கரைசல் அடுப்பு மேடையில்தான் இருக்கும். அதனால் கொள்ளளவில் நான்கு மடங்கு பெரிய பாத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசிச் சிட்டிகைக்கு நுரை எழவில்லை. கலங்கலாக இருந்த கஞ்சி திடீரென்று தெளிந்து, இளம் தேன் நிறத்தில் பளபளத்தது. சூடாக இருக்கும்போதே வேட்டித் துணியை நான்காக மடித்து வடிகட்டினேன்.

கணக்குப்படி இதில் 300 கிராம் ரோஷெல் உப்பு இருக்க வேண்டும். 26 டிகிரியில் 100 மில்லி நீரில் ஏறக்குறைய 66 கிராம்தான் கரையும். இதை நன்றாகத் தெரிந்துகொண்டேதான் இரவு அப்படியே மூடி வைத்தேன். காலையில் ஜாடியின் பாதிக்கு ஒரே பாறை! நூற்றுக்கணக்கான படிகங்கள் ஒன்றுக்குள் ஒன்று குத்திக்கொண்டு நின்றன. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, அசுத்தங்களை நீரிலேயே விட்டுவிட்டு உப்பு தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் வழி அது. மேலே நின்ற மஞ்சள் நீரைத் தனியே ஊற்றி வைத்தேன். பாறையைப் புதிய நீரில் கரைத்து மறுபடி படியவிட்டேன். இரண்டாவது முறை நிறமே இல்லை. அவற்றில் ஆறு மில்லிமீட்டர் நீளத்தில், விரிசலில்லாத நான்கு துண்டுகளை விதைகளாகப் பொறுக்கினேன்.

இந்த இடத்தில் லூயி பாஸ்டரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1848இல், 25 வயதில், ரோஷெல் உப்பின் நெருங்கிய உறவான சோடியம் அம்மோனியம் டார்ட்ரேட் படிகங்களை அவர் உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். சிலவற்றின் முகச்சரிவு வலப்பக்கம், சிலவற்றில் இடப்பக்கம். இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரண்டு குவியலாக்கிக் கரைத்தார். ஒரு கரைசல் முனைவுற்ற ஒளியை, அதாவது ஒரே தளத்தில் அதிரும்படி செய்த ஒளியை, வலப்பக்கம் திருப்பியது, மற்றது இடப்பக்கம். ஒரே பொருள், கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல, இரண்டு கைவடிவங்களில் இருக்க முடியும் என்பதற்கு அதுவே முதல் நிரூபணம். அந்த உப்பு சுமார் 28 டிகிரிக்குக் கீழே படிந்தால் மட்டுமே இப்படி இரண்டாகப் பிரியும். அதற்கு மேலே இரண்டு வடிவமும் ஒரே படிகத்துக்குள் கலந்துவிடும். பாரிஸின் குளிருக்கும் அந்தக் கண்டுபிடிப்பில் ஒரு பங்கு உண்டு. சித்திரை மாத மதுரையில் அவர் உட்கார்ந்திருந்தால் பொறுக்குவதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

வெப்பம்தான் எனக்கும் பெரிய பிரச்சினை. முதல் விதையைப் பங்குனியில் போட்டேன். காலையில் வளர்ந்திருக்கும், மூன்று மணி வெயிலில் ஓரம் மழுங்கிக் கரைந்திருக்கும், இரவில் மறுபடி வளரும். இப்படிக் கரைந்து வளர்ந்த ஒவ்வொரு நாளும் படிகத்துக்குள் ஒரு வெள்ளைத் திரையாக நின்றுவிட்டது. மர வளையம் மாதிரி எண்ணலாம். ஏழாவது நாள் வேறொன்று, கரைசலின் மேல் பஞ்சு மிதந்தது. பூஞ்சை! டார்ட்ரேட் அதற்கு நல்ல சாப்பாடு. படிகத்தை எடுத்துவிட்டுக் கரைசலைக் கொதிக்கவைத்து வடிகட்டினேன், ஜாடியையும் கொதிநீரில் கழுவினேன். அதற்குப் பிறகு வாரம் ஒரு முறை இதைச் செய்தேன், தொல்லை இல்லை.

மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு மார்கழி வரை காத்திருந்தேன். காத்திருந்ததோடு ஓர் ஏற்பாடும் செய்தேன். மீன் கடையில் கிடைத்த பெரிய தெர்மோகோல் பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி, பத்து லிட்டர் தண்ணீர் நிரப்பிய வாளியை அதற்குள் வைத்து, அந்தத் தண்ணீருக்குள் பாதி மூழ்கும்படி வளர்ப்புப் பாத்திரத்தை நிறுத்தினேன். அவ்வளவு தண்ணீரும் சூடாகி ஆற நேரம் எடுக்கும் என்பதால் வெளியே ஏழெட்டு டிகிரி ஏறி இறங்கினாலும் உள்ளே ஒரு டிகிரிக்கு மேல் மாறவில்லை. வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

விதையைத் தொங்கவிடவில்லை. அகலமான கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் படுக்க வைத்தேன். அடிப்பக்கம் வளர இடமில்லாததால் அரைப் படிகமாக, தட்டையாக வரும். எனக்குத் தேவை தட்டை வடிவம்தான். விதையைப் போடும் முன் கரைசல் சரியான நிறைவில், அதாவது இனி உப்பு கரையாத அளவில், இருக்கிறதா என்று ஒரு மட்டமான துண்டைப் போட்டு ஒரு ராத்திரி பார்த்தேன். கரையாமலும் குட்டி போடாமலும் அப்படியே இருந்தது. அப்புறம்தான் நல்ல விதையை இறக்கினேன். மேலே துணி கட்டி மூடினேன். நீர் மெல்ல ஆவியாக, படிகம் மெல்ல வளர்ந்தது. 26 நாளில் 45 மில்லிமீட்டர் நீளம், 30 அகலம், 15 தடிமன். எடை 34 கிராம். அடியில் செய்தித்தாளை வைத்தால் எழுத்து படிக்க முடிந்தது.

சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் படிக வளர்ச்சிக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. சங்கரநாராயணன், ராமசாமி என்ற இரண்டு தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட வளர்ப்பு முறை அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. கண்ணாடிக் குழாயின் அடியில் விதையை வேண்டிய திசையில் நிறுத்தி, மேலே கரைசலை நிரப்பி, உச்சியில் வளையச் சூடேற்றியால் நீரை மெல்ல ஆவியாக்குவார்கள். படிகம் குழாயின் உருவத்திலேயே, நாம் கேட்ட திசையில் மட்டும், மேல்நோக்கி எழும். லேசர் வேலைகளுக்குக் குறிப்பிட்ட திசையில் வெட்டிய படிகம் வேண்டும்போது வெட்டி வீணாவது இதனால் குறைகிறது. வெட்டும் வேலையைச் செய்து பார்த்த பிறகுதான் அதன் அருமை எனக்கு முழுதாகப் புரிந்தது.

வெட்டுவதற்கு முன்பே ஒன்றை இழந்தேன். இரண்டாவது விதையில் வளர்ந்த படிகத்தை எடுத்து ஃபிரிட்ஜ் தண்ணீரில் ஒரு நொடி கழுவினேன். டிக் என்று ஒரு சத்தம். நடுவில் குறுக்காக விரிசல். ரோஷெல் உப்பு திடீர் வெப்ப மாற்றத்தைத் தாங்காது. கரைசலின் அதே வெப்பத்தில் இருக்கும் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், கழுவவே கூடாது. வெறும் கையால் ரொம்ப நேரம் பிடிப்பதும் ஆபத்து.

ரம்பம் வைத்தால் நொறுங்கும். ஈர நூல்தான் ரம்பம். தடித்த பருத்தி நூலை நனைத்துப் பிழிந்து, படிகத்தின் மேல் முன்னும் பின்னுமாக இழுத்தால் நூல் பட்ட இடம் மட்டும் கரைந்து வழிவிடும். நூலில் உப்பு சேரச் சேரக் கழுவி மறுபடி. ஒரு வெட்டுக்கு ஒன்றரை மணி நேரம். பிறகு தேய்த்த கண்ணாடியின் மேல் ஈரத் துணி விரித்து, வட்டமாகத் தேய்த்துச் சமப்படுத்தினேன். கடைசியில் கிடைத்தது 20 மில்லிமீட்டர் சதுரம், 5 மில்லிமீட்டர் தடிமன். இரண்டு அகன்ற முகங்களிலும் அலுமினியத் தாளை மெல்லிய வார்னிஷால் ஒட்டி, ஆளுக்கொரு கம்பி.

இனி அழுத்தல். பக்கவாட்டில் நேராக, விளிம்புக்கு எதிர் விளிம்பு வைத்து மர இடுக்கியால் அழுத்தினேன். மின்னழுத்தத்தைத் திரையில் கோடாகக் காட்டும் கையடக்க ஆஸிலோஸ்கோப்பில் கோடு கிட்டத்தட்ட அசையவில்லை. சதுரத்தைத் திருப்பி மூலைக்கு எதிர் மூலை வைத்து அதே அளவு அழுத்தினேன். கோடு திரையைத் தாண்டி எகிறியது. மூன்று முறை மாற்றி மாற்றிச் செய்தேன், ஒவ்வொரு முறையும் அப்படியேதான். இந்தப் படிகத்தின் மூன்று அச்சுகளில் எதன் வழியாக நேராக அழுத்தினாலும் மின்னூட்டம் கிடையாது. சதுரத்தைச் சாய்சதுரமாகக் கோணவைக்கும் விசைக்குத்தான் அது பதில் சொல்லும். மூலைக்கு மூலை அழுத்துவது சரியாக அதைத்தான் செய்கிறது. படித்ததைக் கண்ணால் பார்ப்பது வேறு அனுபவம்.

அன்று இரவு விளக்கை அணைத்துவிட்டு, ஸ்குரூடிரைவர் டெஸ்டருக்குள் இருக்கும் நியான் பல்பைக் கழற்றி இரண்டு கம்பிகளிலும் கோத்தேன். மகளைக் கூப்பிட்டு அருகில் உட்கார வைத்து, மூலையின் மேல் மரச் சுத்தியலால் ஒரு தட்டு. ஆரஞ்சு நிறத்தில் மின்மினி போல ஒரு கணம் ஒளிர்ந்தது. "இன்னொரு தடவைப்பா" என்றாள். பேட்டரி இல்லை, கரண்ட் இல்லை. நியான் எரிய எண்பது வோல்ட் வாக்கில் வேண்டும். ஆப்ப சோடாவிலிருந்து வந்த கட்டி அதைக் கொடுத்தது. இருபது தடவையாவது தட்டியிருப்போம்.

வோல்ட் இவ்வளவு வந்தாலும் சும்மா ஆம்ப்ளிஃபையரில் மாட்டினால் ஒன்றும் கேட்காது. படிகம் ஒரு சின்னக் கெபாசிட்டர், அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் பாகம், என் கணக்கில் 140 பிகோஃபாரட் அளவு. ஆம்ப்ளிஃபையரின் உள்ளீடு 10 கிலோ ஓம் என்றால் மின்னூட்டம் வந்த வேகத்திலேயே ஒழுகிவிடும். பி.எஃப்.டபிள்யூ 10 என்ற ஜேஃபெட் வகை டிரான்சிஸ்டர் ஒன்று, அதன் கேட் காலில் 10 மெகா ஓம், சோர்ஸ் காலில் 2.2 கிலோ ஓம், 9 வோல்ட் பேட்டரி, அவ்வளவுதான் சுற்று. இது ஒழுகலைப் பெருமளவு குறைத்துவிடும். படிகத்திலிருந்து ஜேஃபெட்டுக்குப் போகும் கம்பி இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். தகரப் பெட்டிக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் வீட்டு மின்சாரத்தின் உறுமல்தான் பாட்டாகக் கேட்கும்.

ஒரு மூலையைப் பித்தளைத் துண்டில் ஒட்டினேன். எதிர் மூலையில் தையல் ஊசியின் நுனியைச் சின்னக் குச்சியோடு சேர்த்து ஒட்டினேன். படிகம் முழுவதற்கும் நகப்பூச்சு இரண்டு கை. ஈரம் ஏறினால் கசியும், காற்று மிக உலர்ந்தால் தன்னுள் இருக்கும் நீரை இழந்து வெளுக்கும், 55 டிகிரி வாக்கில் சிதையவே தொடங்கும். அப்பாவின் கார்ட்ரிட்ஜ்கள் செத்ததற்குக் காரணம் மழை மட்டும் அல்ல என்று இப்போது நினைக்கிறேன். சாமான் ஏற்றிய வேன் பகலெல்லாம் வெயிலில் நின்றிருக்கும்.

இந்த முனை தட்டைக் கீறும் என்பது தெரியும். அதனால் ஏற்கனவே நடுவில் உடைந்து, ஓரத்தில் மட்டும் ஓடக்கூடிய ஒரு தட்டை எடுத்தேன். நாதஸ்வரம், கல்யாண வீட்டுக்குப் போடுவது. முள்ளை இறக்கினேன். முதலில் கரகரப்பு, அதற்குள்ளிருந்து நாதஸ்வரம் வந்தது. மெலிதாக, கீழ்ச் சுரங்கள் இல்லாமல், தவிலில் கனத்த ஒலி தரும் தொப்பிப் பக்கம் கேட்கவேயில்லை. அறையில் வெப்பமானி 31 காட்டியது.

அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. ஜோசப் வாலசெக் என்பவர் 1920 வாக்கில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இதே உப்பை ஆராய்ந்தபோது, காந்தம் தன் காந்தத்தன்மையை வைத்துக்கொள்வது போல இது மின்முனைவை, அதாவது ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர் என்று மின்னூட்டம் பிரிந்து நிற்கும் நிலையை, தானாகவே வைத்துக்கொள்வதைக் கண்டார். ஃபெர்ரோ மின்மம் என்று இன்று சொல்லப்படும் குணம் முதன்முதலில் தெரிந்தது இந்த உப்பில்தான். மைனஸ் 18 டிகிரியிலிருந்து 24 டிகிரி வரைதான் அந்த நிலை. 24ஐ நெருங்கும்போது படிகத்தின் கெபாசிட்டன்ஸ், அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் திறன், பல மடங்கு எகிறும். கெபாசிட்டன்ஸ் கூடினால் தாழ்ந்த ஒலிகள் ஒழுகாமல் தங்கும். எல்லாவற்றையும் படுக்கையறைக்குத் தூக்கிப் போனேன். விரிசல் விழாமல் இருக்க ஏ.சி.யை ஒரு மணி நேரத்துக்கு இரண்டு டிகிரி என்ற கணக்கில் இறக்கி, 25இல் நிறுத்தினேன். இரவு பதினொன்றரை. மறுபடி முள்ளை இறக்கினேன்.

தவில் கேட்டது. தொப்பியின் "தொம்" கட்டிலின் கால் வரை வந்தது. தூங்கிக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்து வாசலில் நின்றார். "இது உங்கப்பா காளியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோற தட்டுல்ல?" என்றார். உடைந்த இடம் வரும் வரை கேட்டோம், ஒன்றரை நிமிடம் இருக்கும். அப்புறம் திரும்ப முதலிலிருந்து வைக்கச் சொன்னார்.

மீதிக் கரைசலில் இன்னும் இரண்டு விதைகளைப் போட்டிருக்கிறேன். பழைய கார்ட்ரிட்ஜ்களில் இருந்தது ஒற்றைத் துண்டு அல்ல. எதிரெதிர்த் திசையில் வெட்டிய இரண்டு மெல்லிய தகடுகளை ஒன்றோடொன்று ஒட்டியிருப்பார்கள். முள் திருகும்போது ஒன்று நீளும், மற்றது சுருங்கும், இரண்டின் மின்னூட்டமும் கூடும். முனைக்கு அவ்வளவு பாரம் தேவைப்படாது, தட்டும் கீறாது. தகடு அரை மில்லிமீட்டர் தடிமனுக்கு வர வேண்டும். ஈர நூலில் ஒன்றரை மில்லி வரை இறங்கிவிட்டேன். உடையாத தட்டுகள் இன்னும் நாற்பது இருக்கின்றன.